அம்மாவின் சுருக்குப்பை



ஸ்காட்லாந்து போய் வந்த படங்களைப் போட்ட நாளிலிருந்து எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறீர்கள். "பாவாடை கட்டின வெள்ளைக்காரத் தாத்தா பக்கத்துல உங்கம்மா நிக்கற படம் எங்க எடுத்தது டீச்சர்?" தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது. மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்து கேட்ட மாதிரி பொறுமையாகப் படியுங்கள். என் தப்பு ஒன்றும் இதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அந்தப் படத்தின் கதையைச் சொல்ல முடியாது.

எடின்பரோவில் இருக்கும் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது உங்களுக்குத் தெரியும். "அம்மிச்சியையும் கூட்டிட்டு வந்தாத்தான் ஆச்சு" என்று போனில் அவள் ஒரே பிடிவாதம். அம்மாவுக்கு 84 வயது. காது நன்றாகக் கேட்கும், கண்ணும் தெரியும், முழங்கால்தான் மக்கர். கோயம்புத்தூர் தாண்டிப் போனது பழனிக்கும் ராமேஸ்வரத்துக்கும் மட்டும். "கொள்ளுப்பேரனைப் பாத்துட்டாக் கட்டை வேகும், கூட்டிட்டுப் போ" என்று அவரும் சொல்லிவிட்டார். விசா, டிக்கெட் எல்லாம் மருமகன் பார்த்துக்கொண்டார். 2025 ஜூன் மாதம் கிளம்பினோம்.

பெட்டி கட்டும் வேலை என்னுடையது. நான் எப்படிக் கட்டியிருப்பேன் என்று என்னிடம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டில் இரண்டு பத்தி போட்டு, கையில் எடுத்துப் போவது இது, பெரிய பெட்டியில் போவது இது என்று வரிசை எண்ணோடு எழுதிவைத்தேன். குழந்தைக்கு வெள்ளி அரைஞாண், வசம்பு வளையல், பருப்புப் பொடி, எல்லாம் அதனதன் இடத்தில். வெற்றிலை மட்டும் வேண்டாம் என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். இலை தழையை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. அம்மாவும் தலையை ஆட்டிவிட்டார்.

ஒன்றே ஒன்றை நான் பார்க்கவில்லை. அம்மாவின் இடுப்பில் இருந்த சுருக்குப்பை.

கண்ணில் படாத பொருள் இல்லை அது. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். காடாத் துணியில் தைத்து, வாயில் கயிறு கோத்து, இழுத்தால் சுருங்கும் பை. பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலையில், இடது இடுப்பில் செருகியிருப்பார். எங்களுக்கு மிட்டாய் வாங்கக் காசு வந்ததும் அதிலிருந்துதான், பள்ளிக்கூடச் சம்பளம் வந்ததும் அதிலிருந்துதான். அதை ஒரு பை என்றே நான் நினைத்ததில்லை. அம்மாவின் உடம்பில் அது ஒரு பாகம். அதனால்தான் என் நோட்டில் இரண்டு பத்தியிலும் அது ஏறவில்லை.

அந்தப் பைக்குள் ஒரு பாக்குவெட்டி.

1958-ல் கல்யாணமான அடுத்த சித்திரையில், அவிநாசித் தேருக்குக் கூட்டிப் போன அப்பா வாங்கிக் கொடுத்தது. அலகு இரும்பு, பிடி பித்தளை, பிடியின் நுனியில் கிளி மூக்கு. அறுபத்தாறு வருடம் ஒரே கை பட்டுப் பட்டு அந்தக் கிளிக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. அப்பா போய் 11 வருடம் ஆகிறது. அதன் பிறகு அம்மா வெள்ளைச் சேலைதான். காதில், கழுத்தில், காலில் ஒன்றும் கிடையாது. அவர் உடம்போடு வைத்திருந்த ஒரே உலோகம் அந்தப் பாக்குவெட்டிதான்.

விடியற்காலை விமானம். என் வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். பெரிய பெட்டிகளைப் போட்டுவிட்டுப் பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு வந்தோம். முதலில் நான் போனேன். கதவு நிலை மாதிரி நிற்கிறதே, அதற்குள் காலை வைத்ததும் கீச்சென்றது. தாலிக்கொடி, வளையல், மெட்டி, சேலையில் குத்திய நாலு ஊக்கு, கொண்டை ஊசி. கீச்சென்னாமல் என்ன செய்யும்?

அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த நிலைச் சட்டத்துக்குள் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் மாறி மாறி மின்சாரம் ஓடும்போது நடுவில் காந்தப்புலம் உண்டாகிறது. அதற்குள் எந்த உலோகம் வந்தாலும், அதன் மேல் சின்னச் சின்ன மின்னோட்டங்கள் சுழல ஆரம்பிக்கும். அந்த மின்னோட்டம் தனக்கென்று ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதைத்தான் கருவி கண்டுபிடிக்கிறது. காந்தம் ஒட்டாத தங்கத்துக்கும் அது கத்துவது இதனால்தான். அதற்குத் தாலி என்றும் தெரியாது, தகரம் என்றும் தெரியாது. மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெண்களுக்குத் தனியாகத் திரை போட்ட இடம் இருக்கிறது. உள்ளே ஒரு பெண் காவலர். மலையாளம் கலந்த தமிழ். கைக்கருவியைக் கழுத்தருகே கொண்டுவந்ததும் அது மறுபடி கத்தியது. கொடியை லேசாகத் தொட்டுப் பார்த்து, "தாலியா அம்மா? சரி" என்றார். கழற்றச் சொல்லவில்லை. கால் அருகே கத்தியதும் மெட்டியைக் குனிந்து பார்த்தார். அவ்வளவுதான். அரை நிமிடத்தில் முடிந்தது. எனக்குப் பெருமைகூட. பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்கிற மாதிரி சிரித்தேன்.

அடுத்தது அம்மா.

"பையைத் தட்டுல வெக்கணும்" என்றார்கள். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இடுப்புல இருக்கறத எப்படிச் சாமி எடுத்து வெக்கறது?" நான்தான் கிட்டப் போய்க் கயிற்றை அவிழ்த்து வாங்கித் தட்டில் வைத்தேன். எக்ஸ்ரே திரையில் துணி, சாப்பாடு, காகிதம் எல்லாம் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். கனமான உலோகம் நீலமாகத் தெரியும். அம்மாவின் சுருக்குப்பை நடுவில் நீலமாக ஒரு கிளி உட்கார்ந்திருந்தது.

பாக்குவெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்கள். கூடவே சுண்ணாம்பு டப்பி, நாலு கொட்டைப் பாக்கு, மடித்த நூறு ரூபாய் நோட்டு இரண்டு, திருநீறு பொட்டலம்.

"இது கத்தி இல்லீங்க சாமி. பாக்கு வெட்டறது" என்றார் அம்மா.

சோதனை செய்தவர் கோபப்படவில்லை. கூர்மையான பொருள் விமானத்துக்குள் கூடாது என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண் காவலரும் வந்துவிட்டார். "நேரம் இருக்கு அம்மா. கூட வந்தவங்க யாராவது இருந்தா, வெளியே போய்க் கொடுத்துட்டு வரலாம். அவசரம் இல்லை" என்று என்னிடம் சொன்னார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு போன் போட்டிருந்தால் போதும். என் வீட்டுக்காரர் பத்து நிமிடத் தூரம்கூடப் போயிருக்கமாட்டார். விமானத்துக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. ஆனால் எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். அத்தனை பேரும் மேசையில் கிடந்த சுண்ணாம்பு டப்பியைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. இத்தனை வருடம் பத்துப் பேருக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுத்த டீச்சரின் அம்மா, கத்தி வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள் என்று வெட்கம்.

"அம்மா! சட்டம்னா எல்லாத்துக்கும் சட்டம்தான். கையை எடு. குடுத்துரு" என்றேன்.

அது மகள் அம்மாவிடம் பேசுகிற குரல் இல்லை. என் வகுப்பறைக் குரல். கரும்பலகையிலிருந்து கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல் என்று நீங்களே கேலி செய்வீர்களே, அது. வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா கையை எடுத்துவிட்டார். ஒன்றே ஒன்று கேட்டார். "ரசீது குடுப்பாங்களா கண்ணு?"

யாரும் பதில் சொல்லவில்லை. பாக்குவெட்டி பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் போய் விழுந்தது. அந்தப் பெண் காவலர் மற்ற எல்லாவற்றையும் திரும்ப சுருக்குப்பைக்குள் போட்டார். திருநீறு சிந்தாமல் மடித்து வைத்தார். பிறகு அவரே அம்மா பக்கத்தில் வந்து, "நான் கட்டித் தரட்டுமா பாட்டி?" என்று கேட்டு, அம்மா தலையசைத்ததும் இடுப்பில் பழைய இடத்தில் செருகிவிட்டார். பெற்ற மகள் நான் பக்கத்தில் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நடக்கும்போது அந்தப் பெட்டிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். நகவெட்டி, சிகரெட் லைட்டர், சின்னக் கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர். அவற்றின் நடுவில் ஒரு டிரிம்மர்.

திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூர்ச் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன். பனியனில் தையல் முடிந்தபின் தொங்கும் பிசிர் நூலை வெட்டுவதற்கு, கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு நூல் கத்தரி உண்டு. விரலை விடும் வளையம் இருக்காது. அழுத்தினால் வெட்டும், விட்டால் தானே விரியும். சாம்பிள் பீஸ் எடுத்துப் போகிற யாரோ ஒருவர் பையில் மறந்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அதைப் பார்த்ததும் எனக்கு 1993-ஆம் வருடம் ஞாபகம் வந்துவிட்டது. விமானம் ஏறி உட்கார்ந்தும் அது போகவில்லை.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எடின்பரோ.

ஐந்து வாரம் இருந்தோம். அம்மா பாக்குவெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டினார், காலில் போட்டுத் தாலாட்டினார், கோட்டையைப் பார்த்து "நம்ம சங்ககிரி மலை மாதிரிதான் இருக்குது" என்றார். பேத்தி இந்தியக் கடையில் சீவல் பாக்கு வாங்கிவந்து கொடுத்தாள். வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டார். அப்படியும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் கை தானாக இடது இடுப்புக்குப் போகும். பையைத் தடவும். காலியாகத் திரும்பி வரும். நான் வேறு பக்கம் பார்ப்பேன். (பிள்ளைகளே, பாக்கு நல்லது என்று நான் சொல்லவரவில்லை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. யாரும் பழகாதீர்கள். ஆனால் 84 வயதுக்காரரிடம் பழக்கத்தை விடுவது அவர் முடிவாக இருக்க வேண்டும்.)

ஊர் திரும்பும் நாள். எடின்பரோ விமான நிலையத்தில் சோதனை வரிசை. எங்களுக்கு முன்னால் கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம். ஆண்கள் நாலைந்து பேர் கில்ட் கட்டியிருந்தார்கள். கட்டம் போட்ட கம்பளித் துணியில், பின்னால் கொசுவம் கொசுவமாக மடிப்பு வைத்து, முழங்கால் வரை. அதில் ஒருவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் அகலமான தோல் வார், அதில் பெரிய வெள்ளிக் கொக்கி. துணியின் முன் ஓரத்தில் கத்தி வடிவில் ஒரு பெரிய ஊக்கு. அடிவயிற்றுக்கு முன்னால் சங்கிலியில் தொங்கும் ஒரு தோல் பை. முழங்கால் வரை கம்பளிக் காலுறை. ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். நம் வீட்டுக் கல்யாணப் பெண்ணுக்குக்கூட அத்தனை நேரம் ஆகாது.

அம்மா என் கையைச் சுரண்டினார். "அம்மணி, அங்க பாரு. அந்தப் பெரியவரும் சுருக்குப்பை கட்டியிருக்கறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். சோதனை முடிந்து உள்ளே போனதும், பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் செருப்பு மாட்ட, அவர் ஷூவின் நீளக் கயிற்றைக் கெண்டைக்காலில் சுற்றிக் கட்ட, பேச்சு ஆரம்பித்தது. என் பள்ளிக்கூட இங்கிலீஷில் அம்மா சொன்னதைச் சொன்னேன். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பைக்கு ஸ்போரன் என்று பெயராம். அவர்கள் பழைய மொழியான கேலிக்கில் அதற்குப் பணப்பை என்றுதான் அர்த்தம். "இந்தத் துணியில் ஜேப்பு கிடையாதே, காசை எங்கே வைப்பது?" என்று கேட்டார். அம்மாவிடம் சொன்னேன். "சேலையில மட்டும் ஜேப்பா இருக்குது?" என்றார் அம்மா, தன் சுருக்குப்பையை எடுத்துக் காட்டி.

அப்புறம் அவர் தன் வலது காலுறையின் மடிப்பைத் தட்டிக் காட்டினார். அங்கே சின்னதாக ஒரு கத்தி செருகியிருக்க வேண்டுமாம். ஸ்கியன் டூ என்று பெயர். கருங்கத்தி என்று அர்த்தம். அந்த உடுப்புக்கு அது இல்லாவிட்டால் நிறைவு இல்லை. பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது அங்கே குற்றம். ஆனால் தேசிய உடையின் பாகமாக அணிந்திருந்தால் சட்டமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அப்படியும் விமானத்துக்குள் முடியாது. பெரிய பெட்டியில் போட்டுவிட்டாராம். இறங்கியதும் முதல் வேலை அதை எடுத்துக் காலில் செருகுவதுதானாம்.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் அம்மா கேட்டார். "இவருகிட்டயும் புடுங்கிட்டாங்களா?"

"இல்லம்மா. மறக்காம பெட்டியில வெச்சுட்டாராம்."

"ஓ" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "அவரு மகள் சொல்லிக் குடுத்திருப்பா" என்றார்.

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது.

நீங்கள் கேட்ட படம் அப்போது எடுத்ததுதான். உள்ளே காத்திருக்கும் இடத்தில், அவருடைய பேரன் எடுத்துக் கொடுத்தது. நன்றாகப் பாருங்கள். இரண்டு பேர் கையிலும் அவரவர் பை.

அந்த உடுப்புக்கும் ஒரு கதை இருக்கிறது. 1746-ல் குலோடன் என்ற இடத்தில் நடந்த போரில் மலைநாட்டுக்காரர்கள் தோற்றார்கள். உடனே லண்டன் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மலைநாட்டு ஆண்கள் கில்ட் முதலான தங்கள் உடுப்பை அணியக்கூடாது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் சிறை. மறுபடி பிடிபட்டால் 7 வருடம் கடல் கடந்து நாடு கடத்தல். 1782-ல்தான் அதை எடுத்தார்கள். முப்பத்தாறு வருடம்! ஒரு தலைமுறையே கட்டாமல் வளர்ந்திருக்கும். இவ்வளவு நடந்தும் இன்று கல்யாணத்துக்கு அதைத்தான் கட்டுகிறார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. 2014-ல் சென்னையில் வேட்டி கட்டிப் போன உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே ஒரு கிளப் வாசலில் தடுத்து நிறுத்திய செய்தி ஞாபகம் இருக்கும். அதே வருடம், வேட்டி கட்டியவரை உள்ளே விடமாட்டேன் என்று கிளப்புகள் சொல்லக்கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. விமான நிலைய விதிகளிலும் இடம் கொடுத்த இடங்கள் உண்டு. சீக்கியர்கள் அணியும் கிர்பானை நம் உள்நாட்டு விமானங்களில், அலகு 6 அங்குலத்துக்குள், மொத்தம் 9 அங்குலத்துக்குள் இருந்தால் அனுமதிக்கிறார்கள். சபரிமலைக்குப் போகிறவர்கள் இருமுடித் தேங்காயைக் கையோடு எடுத்துப் போக, 2025 ஜனவரி 20 வரை என்று தேதி போட்டு அனுமதி கொடுத்தார்கள். பாக்குவெட்டிக்கும் அனுமதி வேண்டும் என்று நான் கொடி பிடிக்கவரவில்லை. விமானத்துக்குள் கூரான பொருள் கூடாது என்பது சரியான விதி. அன்று தப்பு விதியில் இல்லை, அந்தக் காவலர்களிடமும் இல்லை. என்னிடம் இருந்தது.

இப்போது 1993.

என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. பெயர் எழுதமாட்டேன். ஒருநாள் அவள் ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு டிரிம்மர் இருந்தது. பக்கத்துப் பையன் "டீச்சர், கத்தி வெச்சிருக்கறா" என்று கத்தினான். நான் அவளை எழுப்பி நிறுத்தினேன். அதைக் கையில் எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். "கத்தி கொண்டுவர எடமா இது? பள்ளிக்கூடமா, கசாப்புக் கடையா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. பிடுங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

"சாயங்காலம் குடுத்துருவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"உங்கம்மாவைக் கூட்டிட்டு வா" என்றேன்.

அந்தக் காலத்தில் திருப்பூரில் வீட்டுக்கு வீடு பனியன் மூட்டை வந்து இறங்கும். பிசிர் வெட்டி அடுக்கிக் கொடுத்தால் பீஸ் கணக்கில் காசு. அவள் அம்மா பகலில் கம்பெனிக்குப் போய்விட்டு, ராத்திரி இந்த வேலையும் செய்தார். வீட்டில் இருந்ததே ஒரு டிரிம்மர். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மூட்டை இருக்கும் வீட்டுக்குப் போய் வேலையை ஆரம்பிப்பதற்காக அதைப் பாக்ஸில் வைத்திருந்திருக்கிறாள். இதெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள்.

நாலு நாள் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் அவள் அம்மா அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். திருப்பிக் கொடுத்தேன். "இனிமே கொண்டுவரக்கூடாது" என்று அப்போதும் ஒரு புத்திமதி. அந்தக் குழந்தை ஐந்தாம் வகுப்போடு நின்று கம்பெனிக்குப் போய்விட்டது. அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லவில்லை. வீட்டு நிலைமை அப்படி. ஆனால் நான் காரணம் இல்லை என்றும் உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேடிப் போனேன். இன்று சொந்தமாகச் செக்கிங் செக்‌ஷன் வைத்திருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் அவளிடம் வேலை பார்க்கிறார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு நாடாவில் டிரிம்மர் தொங்குகிறது. அவள் கழுத்திலும்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ வந்தது. நான் விமான நிலையக் கதையைச் சொல்லி, "அன்னிக்கு அதைப் புடுங்கி வெச்சது தப்பு கண்ணு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பனியனைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"புடுங்கி வெச்சதுல ஒண்ணும் இல்லீங்க டீச்சர். சின்னப் புள்ளைங்க இருக்கற எடம், வாங்கித்தான் வெக்கணும். நானே இருந்தாலும் வாங்கித்தான் வெப்பேன். ஆனா எல்லாரு முன்னாடியும் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னீங்க பாருங்க…"

முடிக்கவில்லை. "டீ ஆறுதுங்க டீச்சர்" என்றாள்.

முப்பத்திரண்டு வருடம் அவள் அதைச் சுமந்திருக்கிறாள். எனக்கு ஞாபகம் வர ஒரு பிளாஸ்டிக் பெட்டி தேவைப்பட்டது. அவளிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னாலும் செய்ததற்கு எல்லோர் முன்னாலும் கேட்பதுதான் நியாயம். அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன். கண்ணு, நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு. அன்று சிரித்தவர்களில் சிலரும் இதைப் படிக்கிறீர்கள். உங்களைச் சிரிக்க வைத்தது நான்தான்.

உங்களில் பலர் இன்று டீச்சர்கள், சூப்பர்வைசர்கள், காவல்துறையில் இருப்பவர்கள். பையைத் திறக்கச் சொல்வது, கூடாததை வாங்கி வைப்பது உங்கள் வேலை. செய்யுங்கள். ஆனால் அந்தப் பெண் காவலர் செய்த மாதிரி செய்யுங்கள். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, மீதியை மடித்து, "நான் கட்டித் தரட்டுமா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

விமானம் ஏறப்போகிற சொந்தங்களுக்குச் சில குறிப்புகள். தாலி, மெட்டிக்காகப் பயப்பட வேண்டாம். பெண்களைப் பெண் காவலர்தான் மறைப்புக்குள் சோதிப்பார். ஊக்கு, கொண்டை ஊசியைக் குறைத்துக்கொண்டால் நேரம் மிச்சம். பாக்குவெட்டி, அரிவாள்மணை, கத்தரி, டிரிம்மர் எல்லாம் பெரிய பெட்டிக்குள். நெய், ஊறுகாயும் அங்கேதான். காங்கேயம் பக்கத்துச் சொந்தங்கள் கவனிக்கவும். கொப்பரை எந்தப் பெட்டியிலும் கூடாது. அதில் எண்ணெய் அதிகம், தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்குப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெரியவர்களின் மடியில், இடுப்பில், முந்தானை முடிச்சில் என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே, உட்காரவைத்து, மெதுவாகக் கேளுங்கள்.

அம்மாவுக்குப் புதிதாக ஒரு பாக்குவெட்டி வாங்கிவந்தேன். கையில் வாங்கி எடை பார்த்தார். "கனம் பத்தல" என்றார். ஆனாலும் சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டார். பழையதற்காக அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, "போகுது போ. உங்கப்பன் வாங்கிக் குடுத்ததுல இன்னும் நீ இருக்கறே" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்